கல் இல்லாத கிண்ணம்

கிர்ச். பிறகு ஒன்றுமில்லை. பிறகு கிர்ச், கிர்ச் என்று இரண்டு முறை, நடுவில் ஒரு மூச்சு விடுகிற இடைவெளி. கரண்ட் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. மணி ஒன்பதேகால் இருக்கும். சாப்பாட்டு மேசையில் லேப் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, எமர்ஜென்சி விளக்கின் அடியில், மூன்றாவது வாரமாக அதே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்பை எலும்பில் உரசினால் இப்படித்தான் கேட்கும் என்று தோன்றியது. ஏன் எலும்பு என்று தோன்றியதோ, யாராவது அரம் வைத்துக் கதவை அறுக்கிறார்களோ என்றுதானே நியாயமாகத் தோன்ற வேண்டும், ஏனென்றால் எங்கள் அடுக்களைப் பின்கதவில் கொண்டி விழுவதில்லை. மழையில் கதவு ஊதிப்போய், கொண்டியும் அதன் துளையும் ஒரு விரற்கடை விலகி நிற்கின்றன. குவார்ட்டர்ஸ் ஆபீசில் மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று. ஆசாரி வருவார், மழை விடட்டும் என்றார்கள். மழை விட்டால் கதவு தானாகவே சுருங்கிவிடும், பிறகு ஆசாரி எதற்கு. அதுவரை காலி சிலிண்டரை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம். போன மாதம் பக்கத்து பிளாக்கில் எவனோ நுழைந்து குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். குக்கருக்கு வந்தவன் அடுத்த முறையும் குக்கரோடு போய்விடுவான் என்று என்ன நிச்சயம். தரைத்தளம், இரண்டு பெண்கள், ஒரு குழந்தை, கணவர் விக்டர் கப்பலில், எந்தக் கடலிலோ. ஒவ்வொரு ராத்திரியும் படுக்கும்போது அந்த ஒரு விரற்கடையை நினைத்துக்கொண்டேதான் படுக்கிறேன், வரவேண்டியது எதுவானாலும் அந்த வழியாகத்தான் வரும் என்று. போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். சிலிண்டர் வைத்த இடத்தில் இருந்தது. கதவுக்கடியில் மழைத்தண்ணீர் நாக்கு மாதிரி ஒரு சாண் உள்ளே வந்திருந்தது. வெளியே சுவருக்கு அந்தப் பக்கம் கால்வாய் இரைந்துகொண்டிருந்தது. யாருமில்லை, மூச்சுக் காற்றுகூட இல்லை. அப்பாடா என்று திரும்பினேன். கிர்ச். முதுகுக்குப் பின்னாலிருந்து இல்லை, முன்னாலிருந்து. வீட்டுக்குள்ளிருந்து. படுக்கையறையிலிருந்து.

செலின் முழித்திருந்தாள். அழவில்லை. பதினோரு மாதக் குழந்தை இருட்டில் முழித்தால் அழும், எல்லாக் குழந்தையும் அழும், இவள் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மை டப்பாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். தலையணைக்கடியில் வைத்திருந்தேன் போல. காலையில் அவசரத்தில் வைத்துவிட்டு அப்படியே ஓடியிருக்கிறேன். போன வாரம் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக முளைத்த இரண்டு பல், அரிசி மாதிரி, அந்தப் பல்லால் டப்பாவின் விளிம்பைக் சுரண்டிச் சுரண்டி மூடியைத் திறந்துவிட்டாள். டார்ச் வெளிச்சத்தில் வாயெல்லாம் கறுப்பு, கன்னம், நாக்கு, உள்ளங்கை, சட்டை எல்லாம். என்னைப் பார்த்துச் சிரித்தாள், கறுப்பாகச் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன். வேறு எந்த அம்மாவாயிருந்தாலும் சிரித்து, போட்டோ எடுத்து, விக்டருக்கு அனுப்பியிருப்பாள். டப்பாவை அவள் கையிலிருந்து பிடுங்கினேன், பிடுங்கியதும் கை தாழ்ந்தது. தாழ்ந்தது என்றால் கொஞ்சம்தான், ஒரு ரூபாய்க் காசு கூடுதல் கனம் போல. ஆனால் என் கைக்குக் கனம் தெரியும். நான்கு வருஷமாகக் கல்லைக் கையில் வைத்து, இது வானத்திலிருந்து வந்ததா, ரோட்டோரம் கிடந்ததா என்று சொல்லிப் பழகிய கை. விளக்குக்கரியும் விளக்கெண்ணெயும் சேர்ந்தது இவ்வளவு கனக்காது. கால்வாசிதான் மிச்சம் இருக்கிறது, அதுவே இப்படிக் கனக்கிறது. ஏழு மாதமாகத் தினமும் காலையில் இந்த டப்பாவை எடுத்திருக்கிறேன், முழு டப்பாவாக இருந்தபோதும் எடுத்திருக்கிறேன், ஒரு நாள்கூட என் கை எனக்குச் சொல்லவில்லையே. நான்தான் கேட்கவில்லையோ. அம்மாவின் கை வேறு, லேபுக்குப் போகிற கை வேறு என்று எப்போது பிரித்து வைத்தேன்.

குழந்தையைத் தூக்கிக் குளியலறையில் வைத்து வாயைக் கழுவினேன், துணியால் நாக்கை வழித்தேன், மறுபடி கழுவினேன், வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகிவிட்டது, கறுப்பாக இல்லை, சாம்பல். எச்சில் பட்டு எண்ணெய் போன இடத்தில் ஏதோ மினுங்கியது. கைப்பைக்குள் கிடந்த லென்ஸைத் தேடி எடுத்தேன். பத்து மடங்கு பெரிதாக்கும், விரல் நுனி அளவுதான் இருக்கும், விண்கல் துண்டிலிருந்து துணுக்குகளைப் பார்த்துப் பொறுக்குவதற்காக எப்போதும் பையில் இருக்கும். செலினை இடுப்பில் வைத்துக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, துணியை லென்ஸுக்குக் கீழே பிடித்தேன். கரி இப்படி இருக்காது. கரிக்கு வடிவம் இல்லை. இதற்கு வடிவம் இருந்தது. பொடிப்பொடியாய்ச் சின்னச் சின்னச் சதுரம், படிக்கட்டு மாதிரி உடைந்த மூலைகள், புதிதாய் வெட்டிய ஈயத்தின் வெளுப்பு. எம்.எஸ்ஸி. முதல் வருஷம் முதல் பிராக்டிகலில் தட்டில் வைத்துக் காட்டிய மூன்றாவது கல். கலீனா. ஈயமும் கந்தகமும் சேர்ந்த கல். எவ்வளவு நுணுக்கினாலும் சதுரம் சதுரமாகவேதான் உடையும் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டது நினைவிருக்கிறது. கந்தகத்தோடு சேர ஆசைப்படும் தனிமங்கள் என்று ஒரு கூட்டம் உண்டு, ஈயம், தாலியம், காட்மியம், செலினியம். செலினியம் என்று படிக்கிறபோதுதான் பெண் பிறந்தால் செலின் என்று நினைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை, பாட்டியாரு பேருன்னு நினைச்சேன் என்று மைனி, விக்டரின் அக்கா, இன்னும் சொல்கிறார்கள். நானூற்றைம்பது கோடி வருஷத்துக்கு முன்னால் கற்கள் கூடியபோது இந்தக் கூட்டம் எல்லாம் ஓடிப்போய்க் கந்தகத் துணுக்குகளுக்குள் ஒளிந்துகொண்டது. அதைத்தான் நான் அளக்கிறேன், வெண்கல நிறத்தில் கடுகளவு இரும்புக் கந்தகத் துணுக்கு, அதற்குள் ஒளிந்திருக்கிற துளித் துளி ஈயம். என் வேலையே அதுதான். கந்தகத்துக்குள் ஈயம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

மேசைக்கு வந்தேன், செலின் மடியில். நோட்டு திறந்தபடியே கிடந்தது. பக்கம் தொண்ணூற்றி ஆறு. மேலே தேதிகள், பக்கத்தில் எண்கள், கடைசியில் என் கையெழுத்தில், காரணம் தெரியவில்லை. எங்கள் லேபில் கல்லை அளப்பதற்கு முன்னால் கல் இல்லாமல் ஒரு முறை அளக்க வேண்டும். கல்லுக்கு என்னென்ன செய்வோமோ எல்லாம், அதே கிண்ணம், அதே அமிலம், அதே இரண்டு நாள், ஆனால் கிண்ணத்துக்குள் கல் இருக்காது. பிளாங்க் என்று சொல்வோம். அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் அது கல்லிலிருந்து வந்ததில்லை, அறையிலிருந்து, தண்ணீரிலிருந்து, அளக்கிறவளிடமிருந்து வந்தது. ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்கு, ஆறு பங்கு ஈயம் இருக்கலாம், தேவலை. எனக்கு நானூறு வருகிறது. பிரசவ லீவுக்கு முன்னால் எனக்கும் ஐந்துதான். லீவு முடிந்து வந்த முதல் வாரத்திலிருந்து முந்நூற்றி எண்பது, நானூற்றிப் பத்து, முந்நூற்றித் தொண்ணூற்றி ஐந்து. எங்கள் லேப் தலைவர் வரதன் சார் திட்டுகிற ஆள் இல்லை, அவர் சிரித்துக்கொண்டே சொல்வதைத்தான் தாங்க முடியாது. "அமலி, உங்க பிளாங்க்ல ஒரு ஊரே குடியிருக்கு போலயே" என்றார் ஒரு நாள், எல்லார் முன்னாலும். இன்னொரு நாள், "நீங்க கல்லை அளக்கலைம்மா, உங்களை அளந்துட்டிருக்கீங்க." கூட வேலை பார்க்கிற சுபத்ராகூடச் சிரித்துவிட்டாள், பிறகு வந்து கையைப் பிடித்து சாரிப்பா என்றாள். நேற்று கதவைச் சாத்திவிட்டுத் தன்மையாகச் சொன்னார். "கல்லுல மிச்சம் இருக்கறது மூணு கிராம். இனிமே எந்தக் காலத்துலயும் கிடைக்காது. குழந்தை பிறந்தா கவனம் கொஞ்சம் சிதறும், அது இயற்கை. திங்கக்கிழமை மீட்டிங்ல பேசுவோம், அது வரைக்கும் சாம்பிளை சுபத்ரா வெச்சிருக்கட்டும்." குழந்தை பிறந்தா என்று அவர் சொன்னதில் நேற்று ராத்திரி முழுக்க எனக்கு எரிந்தது. இப்போது பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

எல்லாவற்றையும் தேடினோம். அமிலத்தை மாற்றினோம், கிண்ணங்களை ஒரு வாரம் கொதிக்க வைத்தோம், அறைக் காற்றின் வடிகட்டியை மாற்றினோம். மோதிரம், சங்கிலி எல்லாம் நான் எப்போதோ கழற்றிவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி சுபத்ராவுக்கு வந்தபோது குங்குமம் என்று கண்டுபிடித்தார்கள், செந்தூரம் கலந்த குங்குமம், அதில் ஈயம். அன்றிலிருந்து நாங்கள் அளக்கிற, தூசி நுழையாத கிளீன் ரூமுக்குள் போகிற பெண்கள் வாசலில் வைத்த கண்ணாடியில் நெற்றியைத் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும், சுபத்ரா ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறினாள், மாமியார் ஒரு மாதம் பேசவில்லையாம். என்னை அந்தக் கண்ணாடி முன்னால் ஒருவரும் நிறுத்தியதில்லை. "அமலிக்கு அந்தப் பிரச்சனையே இல்லை, நெற்றி சுத்தம்" என்று சொல்லித்தான் சார் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார். நெற்றி சுத்தம். கான்வென்டில் அசெம்பிளி வரிசையில் ஜசிந்தா சிஸ்டர் ஒவ்வொருத்தியாகத் தாடையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே வருவார்கள், கண்ணில் மை இருந்தால் கைக்குட்டையில் எச்சில் தொட்டு அவர்களே துடைப்பார்கள், அழுந்த, கண் சிவக்கிற மாதிரி. மை பேய்க்குப் பயப்படுகிறவர்கள் வைப்பது, நம்மைப் பார்த்துக்கொள்ள ஒரு தேவதூதர் இருக்கிறார் என்பார்கள். அந்தத் தேவதூதருக்கு இடதுபக்கம் இடம் விட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து படித்த பிள்ளை நான். அப்படிப் படித்தவள் மை வாங்கினாள். யாரும் என்னிடம் மை வைக்கிறாயா என்று கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் என் கண்ணில் மை இல்லை, இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், அது பொய்யுமில்லை.

வாங்கினது எனக்காக இல்லை. செலினுக்கு முன்னால் ஒன்று வந்து ஐந்தாம் மாதம் போய்விட்டது. ஆண்பிள்ளை என்று நர்ஸ் சொன்னாள், கேட்காமலே சொன்னாள். அதற்குப் பிறகு நான் எதையும் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எல்லாவற்றையும் நம்பியிருக்கிறேன். செலினுக்கு நாலாம் மாதம் நடந்தபோது ஒரு கோயில் திருவிழாக் கூட்டத்தில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன், ஒரு அம்மாள் அவள் கன்னத்தைக் கிள்ளி, என்னா நெறம், என்னா நெறம் என்று இரண்டு தடவை சொன்னாள், அன்று ராத்திரி அவளுக்குக் காய்ச்சல். மறுநாள் போய்க் கடைவீதியில் தேடி வாங்கினேன். தள்ளுவண்டிக்காரர் டப்பாவைத் திறந்து காட்டினார். "கரி மை இல்லம்மா, கல் மை. கல்ல இழைச்சு எடுத்தது. வேர்த்தாலும் வழியாது, கண்ணு பெருசாத் தெரியும், குளிர்ச்சி." கல் மை என்றார். என் முகத்துக்கு நேரே சொன்னார். கல் படித்தவளிடம் கல் என்றே சொன்னார், நான் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தேன், என்ன கல் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு கண்ணிலும் ஒரு இழுப்பு, கன்னத்தில் ஒரு பொட்டு, உள்ளங்காலில் ஒரு பொட்டு. வைத்து முடித்ததும் பால் கொடுப்பேன். ஏழேமுக்காலுக்குப் பஸ். அவள் குடிக்கிறபோது முகத்தை இப்படியும் அப்படியும் தேய்ப்பாள், மை என் மேல் ஈஷும், ஈஷின இடத்தையே மறுபடி வாயில் கவ்வுவாள். பிளவுஸ் உள்பக்கம் எப்போதும் ஒரு கறை இருக்கும். பதினோரு மணிக்கு கிளீன் ரூமுக்கு வெளியே உடை மாற்றுகிற சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பால் பீய்ச்சுவேன், மார்பு கட்டிப் போய்விடும், பீய்ச்சிவிட்டுக் கை கழுவுவேன், பிறகு தொப்பி, மாஸ்க், கையுறை. கையுறையை எந்தக் கையால் எடுத்தேன். அந்தக் கறையைத் தொட்ட கையால்.

ஒரு வாரம் மட்டும் சுத்தம். செப்டம்பர் பதினொன்றிலிருந்து பதினெட்டு வரை. ஆறு, ஐந்து, ஏழு, ஐந்து. சார் கைகுலுக்கினார், "பாத்தீங்களா, மனசு வெச்சா முடியுது." நானும் அந்த வாரம் நன்றாகத் தூங்கினதால்தான் என்று நினைத்தேன், ஏனென்றால் அந்த வாரம் செலின் இங்கே இல்லை. மைனி அவளைத் தூத்துக்குடிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள், புட்டியும் பவுடருமாக. டப்பா இங்கே அலமாரியில் இருந்தது. பத்தொன்பதாம் தேதி வந்தாள். இருபதாம் தேதி காலையில் வைத்தேன். இருபதாம் தேதி பிளாங்க் நானூற்றி இரண்டு. இது போதும், ஆனால் இது மட்டும் இல்லை. ஈயத்துக்குக் கைரேகை உண்டு, அதற்குள் கலந்திருக்கிற எடை வேறான ஈயங்களின் விகிதம். வானத்துக் கந்தகத்தில் இருக்கிற ஈயம் பிறந்தபோது இருந்தபடியே இருக்கும், அதன் விகிதம் ஒன்பது சொச்சம். பூமியின் ஈயம் ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு விகிதம். என் கெட்ட பிளாங்க் எல்லாவற்றிலும் ஒரே எண், பதினாறு புள்ளி ஒன்று, பதினாறு புள்ளி ஒன்று, பதினாறு புள்ளி ஒன்று. புகை என்றால், தூசி என்றால் அலையும், தினம் ஒரு எண் காட்டும். இது அலையவில்லை. ஏதோ ஒரே சுரங்கத்து ஈயம் திரும்பத் திரும்ப வருகிறது என்று நானே எழுதியிருக்கிறேன், இதோ, அக்டோபர் மூன்று. எந்தச் சுரங்கம் என்று உலகப் பட்டியலையெல்லாம் தேடினேன், மூன்று ராத்திரி தேடினேன், பக்கத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், சுரங்கம் அலமாரியில். என் உடம்பில் ஒட்டி, கழுவி, துணி மாற்றி, தொப்பி போட்டு, அதற்கும் பிறகு கிண்ணம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது நானூறு என்றால், நேராக வாயில் போனது எவ்வளவு. கண்ணில் போனது எவ்வளவு. எனக்குக் கணக்குப் போடத் தெரியும். போட மாட்டேன். போட்டுவிட்டேன்.

ரத்தம் கம்மியாயிருக்கு என்று டாக்டர் சொன்னார், ஆகஸ்டில். இரும்புச் சத்து சொட்டு மருந்து எழுதினார். மலம் போக மாட்டேன் என்கிறது என்றேன், வாழைப்பழம் கொடுங்க என்றார். தவழவில்லையே என்றேன், ஒவ்வொரு குழந்தை ஒவ்வொரு மாதிரி என்றார். அவரைச் சொல்ல என்ன இருக்கிறது, மை வைக்கிறீர்களா என்று அவரும் கேட்கவில்லை, எங்கள் சீட்டில் பெயரைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது. எட்டாம் மாதம் காக்காவைப் பார்த்து க்கா, க்கா என்பாள். இப்போது சொல்வதில்லை. எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தேதி தெரியவில்லை, பிளாங்க் ஒவ்வொன்றுக்கும் தேதி தெரிகிறது. எலும்பில் சுண்ணாம்புக்கு வைத்திருக்கிற இடத்தில் ஈயம் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆளை அடையாளம் தெரியாத காவல்காரன் மாதிரி எலும்பு அதை உள்ளே விட்டுவிடும், பிறகு அது போகாது, வருஷக்கணக்காக இருக்கும். முடியில் வரிசை வரிசையாக எழுதியிருக்கும், வேரிலிருந்து நுனி வரைக்கும், எந்த மாதம் எவ்வளவு என்று. அந்த முடியை முதல் பிறந்தநாளுக்கு வேளாங்கண்ணியில் இறக்குவதாகச் சொல்லியிருக்கிறேன். இன்னும் ஆறு வாரம். மாதாவுக்குக் காணிக்கை. நான் செய்த ஏழு மாதத்தையும் சிரைத்து மாதாவின் காலடியில் போடப்போகிறார்கள்.

"ஏட்டி அமலி, கரண்ட் வந்துட்டா?" மைனி. கூடத்தில் பாயில் ஜெபமாலையோடு உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தவர்கள், விக்டருக்கு மூத்த அக்கா, பிலோமினா, நான் வேலைக்குப் போவதற்காகவே ஊரை விட்டு வந்து இந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர்கள். "இல்ல மைனி." "பிள்ள முழிச்சிட்டாளா? சத்தமே இல்ல, நல்ல பிள்ள." எழுந்து வந்து, விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்த்து, "ஐயய்ய, என்னட்டி சட்டையெல்லாம் கரி? மையத் தின்னுட்டாளா கள்ளி?" என்று அவள் மூக்கைப் பிடித்து ஆட்டினார்கள். "எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க? கரிதான, வயித்தச் சுத்தம் பண்ணும். ஒம் மாப்பிள சின்னதுல அடுப்புச் சாம்பல அள்ளித் தின்னவன். இப்ப பாரு, கப்பல ஓட்டுதான்." "ஓட்டல மைனி, எஞ்சினுக்கு எண்ணெய் போடுதாங்க." "எண்ணெ போடாம ஓடுமா? அவன்தான் ஓட்டுதான்." சிரித்தார்கள். எனக்கும் உதடு தானாக விரிந்தது, அது எப்படி விரிந்தது. "ஞாயித்துக்கிழம ஞானஸ்நான வீட்டுக்குப் போறோம்லா, பெருசா ஒரு பொட்டு வச்சிவிடு. அங்க லூர்து மகராசின்னு ஒருத்தி வருவா, அவ பாத்தா பால் திரிஞ்சிரும்." "மைனி." "என்ன?" இப்போது சொல்லலாம். நாலு சொல். "ஒண்ணுமில்ல. நாளைக்கு இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்." "நாளைக்கு ஒனக்கு லேப்பு உண்டுல்லா? காய்ச்சலும் இல்ல, சளியும் இல்ல. எல்லாத்துக்கும் பயப்படாதட்டி. ஒன் பயத்தப் பாத்தே பிள்ள பயந்திரும்." பின்கதவுக்குச் சிலிண்டர் வைத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே போய்ப் படுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடத்தில் குறட்டை. செலினும் தோளில் கண் சொருகிவிட்டாள். கட்டிலில் போட்டேன். கண்ணோரத்தில் காலையில் இழுத்த கோடு இன்னும் இருந்தது. துடைத்தேன். ஜசிந்தா சிஸ்டர் மாதிரி எச்சில் தொட்டு, ஆனால் அழுத்தாமல்.

டப்பா என் கையிலேயே இருந்தது. அப்போதுதான் அது தோன்றியது, மெதுவாக, யாரோ காதோடு சொல்வது போல. இதைத் தூக்கி எறிந்தால் போதும். சுவருக்கு அந்தப் பக்கம் கால்வாய், மழைத்தண்ணீர் நுரைத்துக்கொண்டு போகிறது, காலைக்குள் கடலில் இருக்கும். நாளையிலிருந்து மை வைக்க மாட்டேன், தீர்ந்துபோச்சு மைனி என்பேன். ஒரு வாரத்தில் பிளாங்க் ஐந்துக்கு இறங்கும், சார் கைகுலுக்குவார், மூன்று கிராமும் என்னிடம் திரும்பி வரும். காரணம் தெரியவில்லை என்று எழுதியது எழுதியபடி இருக்கும், எத்தனையோ பேர் நோட்டில் இருக்கிறது. விக்டருக்குத் தெரிய வேண்டாம். நீயா, கல் படிச்ச நீயா என்று அவர் கேட்க மாட்டார், அவர் கேட்காமல் இருப்பதை நான் கேட்க வேண்டியிருக்காது. சுபத்ராவுக்குக் கண்ணாடி, அவள் மாமியார் ஒரு மாதம் பேசாமல் இருந்தது, அமலிக்கு நெற்றி சுத்தம். எல்லாம் அப்படியே இருக்கும். பிள்ளையும் மை இல்லாவிட்டால் தானாகத் தேறிவிடுவாள், தேறலாம், எலும்பில் போனது போனதுதான், ஆனால் யாருக்கும் தெரியாது. டாக்டர் மறுபடி இரும்புச் சத்து எழுதுவார். மந்தமான பிள்ளை என்பார்கள், சில பிள்ளைகள் அப்படித்தான். வாழ்க்கை முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், ஏன் என்று தெரியாமல், நான் ஏன் என்று தெரிந்துகொண்டு. சிலிண்டரை நகர்த்தினேன். கதவு வழக்கம்போல முரண்டு பிடித்தது, பிறகு ஒரேயடியாகத் திறந்துகொண்டது. மழைச் சாரல் முகத்தில் அடித்தது. இருட்டில் சுவர் தெரியவில்லை, கால்வாய் சத்தம்தான் தெரிந்தது, கையை ஓங்கினேன், ஓங்கிய கையில் அந்தக் கனம் தெரிந்தது, ஒரு ரூபாய் கூடுதல் கனம். வீட்டுக்குள்ளிருந்து கிர்ச் என்று கேட்டது. டப்பா என் கையில் இருக்கிறது. அப்புறம் எப்படி. காது கொடுத்து நின்றேன். மறுபடியும் கிர்ச். தூக்கத்தில், வாயில் ஒன்றும் இல்லாமல், அந்த இரண்டு பல்லையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்தேன். கைப்பையில் சாம்பிள் கவர்கள் எப்போதும் இருக்கும், ஒன்றில் டப்பாவைப் போட்டு, சாம்பல் படிந்த துணியை இன்னொரு கவரில் போட்டு, மேலே தேதி, நேரம், எடுத்தவர் பெயர் எழுதினேன். எந்த டாக்டரிடம் போனாலும் இதைக் காட்டாமல் ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னால் சிரித்து அனுப்பிவிடுவார்கள், இதைக் காட்டினால் சிரிக்க மாட்டார்கள், என்னைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நோட்டில் தப்பாக எழுதியதை அழிக்கக்கூடாது என்பது லேபில் முதல் நாள் சொல்லித் தருவது. ரப்பர் கூடாது, கிறுக்கக்கூடாது, கீழே இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு. காரணம் தெரியவில்லை என்பதன் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன். கல் மை, ஈயக் கந்தகம். மகள் செலின், பதினோரு மாதம், ஏப்ரல் முதல் இன்று வரை, செப்டம்பரில் ஒரு வாரம் தவிர, தினமும் ஒரு முறை. வைத்தது நான். கையெழுத்து போடும்போது பேனா காகிதத்தில் மாட்டிக்கொண்டது, அமலியில் லி இரண்டு துண்டாகிவிட்டது, அதையும் அப்படியே விட்டேன். அடுக்களையில் கதவு திறந்தே கிடந்தது. தண்ணீர் மேசைக் கால் வரைக்கும் வந்திருந்தது. கதவைத் தள்ளினேன், நிற்கவில்லை, தோளைக் கொடுத்தேன், இடுப்பைக் கொடுத்தேன், எதிர்ச் சுவரில் காலை உதைத்துக்கொண்டு என் முழுக் கனத்தையும் அதன் மேல் போட்டேன், மரம் முனகியது, அந்த ஒரு விரற்கடை மெல்ல மெல்லக் குறைந்தது, கொண்டியை இழுத்தேன். துளைக்குள் போய் விழுந்தது. ஐப்பசி பிறந்ததிலிருந்து விழாத கொண்டி. கதவில் முதுகைச் சாய்த்து ஈரத் தரையில் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து இனி எதுவும் வர முடியாது. உள்ளே நாங்கள் மூன்று பேர், அதுவும்.